ஓட்டை போட்ட அட்டை

எர்ணாகுளத்தில் பிராட்வே என்று ஒரு தெரு இருக்கிறது. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். எதிரே ஒரு கைவண்டி வந்தால் கடைப்படியில் ஏறி நின்று வழி விட வேண்டும், அவ்வளவுதான் அகலம். துணி, பாத்திரம், மசாலாச் சாமான், நோட்டுப் புத்தகம் என்று எல்லாம் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும். கொஞ்சம் மேற்கே நடந்தால் மரைன் டிரைவ், அதைத் தாண்டிக் காயல். படகேறினால் அக்கரையில் மட்டாஞ்சேரி. நியூயார்க் பிராட்வேயை முதல்முறை பார்த்தபோது "எங்க பிராட்வே மாதிரி வராது" என்று சொல்லி வீட்டம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

எங்கள் பெரிய மாமா அந்தத் தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து மலையைத் தாண்டிப் பிழைக்கப் போனவர்களில் ஒருவர். முழுப்பரீட்சை லீவுக்கு நான் அங்கே போவேன். செங்கோட்டை வழியாக மீட்டர் கேஜ் ரயிலில் கொல்லம், அங்கே மாறி எர்ணாகுளம். பகல் முழுக்க மாமாவின் கணக்கு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். டேட்டாபேஸ் வேலையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓட்டிய பிறகு இப்போது யோசித்தால், நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டது கல்லூரியில் இல்லை, அந்த முக்காலியில்தான் என்று தோன்றுகிறது.

மாமாவிடம் இரண்டு முக்கியமான புத்தகங்கள். ஒன்று நாள்வழி. அன்றன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுவது. இன்னொன்று பேரேடு. அதில் ஆளுக்கொரு பக்கம், பற்றும் வரவும். கடன் வாடிக்கையாளர் யாராவது வந்து பாக்கி கேட்டால் பேரேட்டில் அவர் பக்கத்தைத் திறந்து காட்டிவிடலாம், வம்பில்லை. சிக்கல் எங்கே வரும் என்றால், "அன்னிக்கு நான் கடைக்கே வரலியே" என்று ஒருவர் தகராறு செய்யும்போது. அப்போது நாள்வழியைக் காட்டியாக வேண்டும். ஆனால் அதே பக்கத்தில் அன்றைக்கு வந்த இருபது முப்பது பேரின் கணக்கும் இருக்கும். யார் எவ்வளவு கடன், யார் மகள் கல்யாணத்துக்கு எவ்வளவு எடுத்தார், எல்லாம்.

அதற்கு மாமா ஒரு அட்டை வைத்திருந்தார். துண்டு வைத்து வரும் பெட்டியின் மூடி. நடுவில் ஒரே ஒரு வரி தெரிகிற அளவுக்கு பிளேடால் நீளமாக ஓட்டை. பக்கத்தின் மேல் அட்டையை வைத்து, அந்த ஆளின் வரி ஓட்டையில் வரும்படி நகர்த்தி, "பார்த்துக்கோங்க" என்பார். வந்தவர் தன் வரியைப் பார்ப்பார். மற்ற வரிகள் அட்டைக்குக் கீழே.

முதலாளி வந்தால் அட்டை கிடையாது, முழுப் புத்தகமும் அவருக்கு. விற்பனை வரி ஆள் வந்தாலும் அப்படியே. முதலாளியின் சொந்தப் பற்று மட்டும் தனிப் புத்தகம், பூட்டுப் போட்ட பெட்டியில். துணி கிழித்துக் கொடுக்கும் பையன்கள் சீட்டு எழுதி மாமாவிடம் கொடுப்பார்கள், அது நாள்வழியில் ஏறும். ஆனால் அவர்கள் நாள்வழியைப் புரட்டிப் பார்க்க முடியாது. எழுதலாம், படிக்க முடியாது. இந்த ஏற்பாட்டின் நுணுக்கம் எனக்குப் பிடிபடப் பதினைந்து வருஷம் ஆனது.

சரி, விஷயத்துக்கு வருவோம். வங்கி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் ஆபீஸ் எல்லாவற்றிலும் உங்கள் விவரம் ஏதோ ஒரு அட்டவணையில் ஒரு வரியாக இருக்கிறது. அதே அட்டவணையில் லட்சக்கணக்கான பேரின் வரிகளும் இருக்கின்றன. இப்படி எல்லாவற்றையும் அட்டவணைகளாக வைத்துக்கொள்ளலாம் என்று ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய ரிலேஷனல் டேட்டாபேஸ் எல்லாம் அந்தக் கட்டுரையின் பிள்ளை குட்டிகள்தான். அட்டவணை வந்ததும் உடனே எழுந்த கேள்வி: யார் எந்த வரியைப் பார்க்கலாம்?

இதற்கு இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் பதில் தேடினார்கள். இரண்டும் கலிபோர்னியாவில், ஏறக்குறைய ஒரே காலத்தில்.

ஒன்று, சான் ஹோசேயில் ஐபிஎம் செய்த சிஸ்டம் ஆர். அதற்கான அனுமதி முறையை பட்ரீசியா கிரிஃபித்ஸும் பிராட்ஃபோர்ட் வேடும் 1976-இல் எழுதினார்கள். 'கிராண்ட்' என்று ஒரு ஆணை: இன்னாருக்கு இந்த அட்டவணையைப் படிக்கும் உரிமை தரப்படுகிறது. வேண்டுமானால் அதை அவர் பிறருக்கும் கொடுக்கலாம் என்று ஒரு வால் சேர்க்கலாம். 'ரிவோக்' என்றால் திரும்பப் பெறுவது. நான் உங்களுக்குக் கொடுத்து, நீங்கள் உங்கள் மச்சினருக்குக் கொடுத்திருந்தால், நான் உங்களிடமிருந்து பிடுங்கும்போது மச்சினருடையதும் போய்விடும், அவருக்கு வேறு வழியில் வந்திருந்தால் ஒழிய. கேட்க எளிது. ஆனால் சரியாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்றால், அந்த முறையிலேயே ஒரு பிசகு இருப்பதை ரொனால்ட் ஃபேகின் 1978-இல் எடுத்துக்காட்டித் திருத்த வேண்டியிருந்தது.

கிராண்ட் ஆணையை முதன்முதலில் படித்தபோது எனக்கு நினைவு வந்தது மட்டாஞ்சேரிதான். பிராட்வேக்குப் பக்கத்திலேயே ஒரு யூதத் தெரு உண்டு. ஒரு லீவில் அதைப் பற்றிக் கேட்டேன் என்று மாமா ஞாயிற்றுக்கிழமை படகில் கூட்டிப்போய் மட்டாஞ்சேரி யூதத் தெருவையும், 1568-இல் கட்டிய பரதேசி சினகாக்கையும் காட்டினார். அந்தச் சினகாக் பாதுகாக்கும் செப்பேடு ஒன்று உண்டு. சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்தில், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் இன்னும் தெளிவாகப் பிரியாத காலத்து மொழி. யாராவது பொறுமையாக வாசித்துக் காட்டினால் நமக்குப் பாதி புரியும்.

அதில் இருப்பது எழுபத்திரண்டு விடுபேறுகள். பகலில் விளக்கு, நடக்கப் பாவாடை விரிப்பு, பல்லக்கு, குடை, வடுகப்பறை, காளம், தோரணம் என்று போகிறது. ஊரார் அரண்மனைக்குக் கட்டும் இறையை இவர் கட்ட வேண்டாம், ஆனால் ஊரார் பெறும் பலன்களைப் பெறலாம். யாருக்கு? அவருக்கு, அவருடைய ஆண் மக்களுக்கு, பெண் மக்களுக்கு, மருமக்களுக்கு, மகள்களை மணந்தவர்களுக்கு. எவ்வளவு காலத்துக்கு? உலகும் நிலவும் இருக்கும் வரை. கீழே சிற்றரசர்களும் படைத்தலைவரும் சாட்சி.

கொடுப்பவர், பெறுபவர், எந்த உரிமை, யாருக்கெல்லாம் இறங்கும், யார் சாட்சி. சிஸ்டம் ஆர் உள்ளே வைத்திருந்த அனுமதி அட்டவணையில் இருந்த கட்டங்களும் பெரும்பாலும் இவைதான். (சாட்சிக் கட்டம் மட்டும் அங்கே இல்லை. அது ஒரு குறை என்பதே என் கருத்து.)

ஆனால் அதே சினகாக் எனக்கு இன்னொரு பாடமும் சொல்லியது. அதை அப்போது மாமா சொல்லவில்லை, பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சபையில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒரு பிரிவினரை வைத்திருந்தார்கள். அவர்களும் யூதர்கள்தான், அதே வழிபாடுதான், ஆனால் உள்ளே மற்றவர்களோடு சமமாக உட்கார உரிமையில்லை. அந்தப் பிரிவில் பிறந்தவர் ஏ. பி. சேலம் (1882–1967), வக்கீல், கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். காந்தி வழியில் சினகாக்குக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. இன்று மட்டாஞ்சேரி யூதத் தெருச் சாலைக்கு அவர் பெயர்.

எனக்கு இதில் உறைத்தது இதுதான். யூதர்களுக்கு இன்ன உரிமை என்று செப்பேட்டில் எழுதியாயிற்று. உரிமையை யாரும் மாற்றவில்லை. ஆனால் முழு உறுப்பினர் யார் என்று தீர்மானிக்கும் பட்டியல் வேறு யார் கையிலோ இருந்தது. வரிவாரியான அனுமதி அமைக்கிற எல்லா இடத்திலும் இதே கதை. 'கார்டியாலஜி டாக்டர்கள் கார்டியாலஜி நோயாளிகளின் வரியைப் பார்க்கலாம்' என்று விதி அழகாக இருக்கும். யார் எந்தப் பிரிவு என்று சொல்லும் இன்னொரு சின்ன அட்டவணையை எவன் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து போட்டிருப்பார்கள். பெரிய பெட்டிக்குப் பூட்டு, சாவி வாசல்படியில்.

இன்னொரு பதில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் செய்த இங்கிரெஸ். மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜீன் வாங்கும் 1974-இலேயே சொன்ன வழி இது: கேள்வியையே மாற்றிவிடு. "எல்லா நோயாளிகளையும் காட்டு" என்று ஒரு டாக்டர் கேட்டால், டேட்டாபேஸ் தானே "...இவருடைய நோயாளிகளாக இருந்தால்" என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்லும். கேட்டவர் எப்படிக் கேட்டாலும், எந்தத் திரையிலிருந்து கேட்டாலும் நிபந்தனை ஒட்டிக்கொள்ளும். மாமாவின் அட்டை புத்தகத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்ட மாதிரி.

இவ்வளவு நல்ல யோசனை அப்போதே இருந்தும், ஊர் உலகம் அந்தப் பக்கம் ரொம்ப நாள் போகவில்லை. காரணம் பாதி சோம்பல், பாதி வலைத்தளங்கள். 1990களின் கடைசியில் எல்லாம் இணையத்துக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கான பேர் ஒரு பயன்பாட்டின் வழியாக வந்தார்கள், அந்தப் பயன்பாடு டேட்டாபேஸுக்குள் ஒரே ஒரு பெயரில் நுழைந்தது. டேட்டாபேஸின் கண்ணில் எல்லோரும் ஒரே ஆள். அப்புறம் ஆளுக்கு ஆள் அனுமதியை அது எப்படிப் பார்க்கும்? ஆகவே நிரல் எழுதுகிற நாமே ஒவ்வொரு திரையிலும், ஒவ்வொரு அறிக்கையிலும் அந்த நிபந்தனையைக் கையால் எழுதினோம்.

இனி வருவது நான் செய்த தப்பு. 2004-இல் இங்கே ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒப்பந்த வேலை செய்தேன். பெயர் வேண்டாம். நோயாளி விவரத்தின் அந்தரங்கத்துக்கான ஹிப்பா விதிகள் அமலுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, எல்லோரும் பயபக்தியோடு இருந்தோம். எல்லாத் திரைகளிலும் நிபந்தனை சரியாக இருந்தது. சோதித்தும் பார்த்தாயிற்று. மாதக் கடைசியில் ஒரு அறிக்கை அவசரமாகக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். நிபந்தனை வரியை விட்டுவிட்டேன்.

அங்கே வேலை செய்த நர்ஸ் ஒருவர் அதே ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவமும் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் வரி, அவரோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவர்களின் அறிக்கையில் வந்துவிட்டது. யார் யார் திறந்து பார்த்தார்கள் என்று பதிவேட்டில் இருந்தது, பதினொரு பேர். என்னை யாரும் திட்டவில்லை. செயல்முறைக் குறைபாடு என்று ஒரு தாள் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அந்த நர்ஸ் சில வாரத்தில் வேலையை விட்டுப் போனார். அவரை நான் பார்த்ததுகூட இல்லை. அவருடைய பெயர் மட்டும், வரியில் இருந்ததால், எனக்குத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தப்பே நடக்காதபடி செய்யும் வசதி அப்போதே கடையில் இருந்தது. ஆரக்கிள் 1999-இல் வெளியிட்ட 8ஐ பதிப்பில், இங்கிரெஸ் சொன்ன அதே வழியில், வரிவாரி நிபந்தனையை டேட்டாபேஸே சேர்த்துவிடும். பயன்பாட்டின் பின்னால் உண்மையில் இருப்பவர் யார் என்று சொல்லவும் அதில் வழி வைத்திருந்தார்கள். விலை அதிகம், வேகம் குறையும் என்று நாங்கள்தான் போடவில்லை. காசில்லாமல் கிடைக்கும் போஸ்ட்கிரெஸுக்கு இது வர 2016 ஜனவரி ஆயிற்று, 9.5 பதிப்பில். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரிலும் அதே 2016.

போஸ்ட்கிரெஸில் எனக்குப் பிடித்தது: வரிக்காவலை இயக்கிவிட்டு விதி எதுவும் எழுத மறந்தால், சாதாரணப் பயனருக்கு ஒரு வரியும் தெரியாது. மறதியின் பலன் மூடிய கதவு. என் 2004 நிரலில் மறதியின் பலன் திறந்த கதவு. பிடிக்காதது: அட்டவணையின் சொந்தக்காரருக்கு அந்தக் காவல் பொருந்தாது, கட்டாயப்படுத்தித் தனியாகச் சொன்னால் ஒழிய. பயன்பாடு சொந்தக்காரர் பெயரிலேயே நுழைகிற இடங்கள் நிறைய. விதியெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நிம்மதியாகத் தூங்குவார்கள். இன்னொன்று, மறைத்த வரியும் லேசாக வாய் திறக்கும். ஒரே எண் இருமுறை வரக்கூடாத கட்டத்தில் நீங்கள் ஒரு எண்ணைப் போட்டு "ஏற்கெனவே இருக்கிறது" என்று பிழை வந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த வரி இருப்பது தெரிந்துவிடுகிறதல்லவா?

ஆனால் இதைவிட ஆழமான ஒரு சங்கடத்தை நம் ஊர்க்காரர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஐஐடி மும்பையின் எஸ். சுதர்ஷன் (ஐஐடி மெட்ராஸில் படித்தவர், டேட்டாபேஸ் பாடப்புத்தகத்தின் மூன்று ஆசிரியர்களில் ஒருவராக உங்களில் பலருக்குப் பரீட்சை பயம் காட்டியவர் :-)), ஷாரிக் ரிஸ்வி, ஆல்பர்ட்டோ மெண்டல்சோன், பிரசன் ராய் நால்வரும் 2004-இல் எழுதிய கட்டுரை. கேள்வியை ரகசியமாக மாற்றிப் பதில் சொல்லும் முறைக்கு அவர்கள் 'ட்ரூமன்' முறை என்று பெயர் வைத்தார்கள். 1998-இல் வந்த 'தி ட்ரூமன் ஷோ' படத்தில், தான் வாழ்வது ஒரு செட்டுக்குள் என்று தெரியாமலே வாழ்வானே, அவன் பெயர்.

அவர்கள் வாதம் இப்படி. தன் மதிப்பெண்ணை மட்டும் பார்க்க அனுமதி உள்ள மாணவன் "வகுப்பின் சராசரி என்ன?" என்று கேட்கிறான். டேட்டாபேஸ் சத்தமில்லாமல் அவன் வரிகளை மட்டும் எடுத்து அவன் சராசரியைச் சொல்கிறது. அவன் அதை வகுப்புச் சராசரி என்று நம்பிப் போகிறான். ரகசியம் காக்கப்பட்டது, ஆனால் அவனிடம் பொய் சொல்லியாயிற்று. இதைவிட, அவனுக்கு அனுமதியுள்ளதை வைத்துச் சரியான பதில் சொல்ல முடியாத கேள்வி என்றால் "சொல்ல மாட்டேன்" என்று மறுத்துவிடுவது மேல் என்றார்கள்.

இதைப் படித்ததும் அட்டை ஞாபகம் வந்தது. மாமாவின் அட்டை எதையும் ஒளித்ததை ஒளிக்கவில்லை. வந்தவருக்குக் கண்ணெதிரே தெரியும், கீழே இன்னும் வரிகள் இருக்கின்றன, அவற்றைத் தான் பார்க்கக் கூடாது என்று. இன்று பெரும்பாலும் நாம் கட்டுவது கண்ணுக்குத் தெரியாத அட்டை. ட்ரூமன் முறைதான் எங்கும் ஜெயித்தது, ஏனென்றால் எழுதச் சுலபம். மாத அறிக்கையின் மொத்தத் தொகை ஏன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்று அலுவலகங்களில் நடக்கும் சண்டைகளில் பாதி இதனால் வருவது.

பிராட்வேயிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் கேரள உயர் நீதிமன்றம். 2020 ஏப்ரல் 24 அன்று அங்கே ஒரு இடைக்கால உத்தரவு வந்தது. கொரோனா காலத்தில் கேரள அரசு மக்களிடம் திரட்டிய உடல்நல விவரங்களை ஸ்பிரிங்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருளில் ஏற்றியது பெரிய சர்ச்சையானது. விவரங்களில் ஆள் அடையாளத்தை நீக்கிய பிறகே அந்த நிறுவனம் அவற்றைத் தொடலாம், இனிமேல் விவரம் வாங்கும்போது வெளி நிறுவனம் பார்க்கக்கூடும் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்றது நீதிமன்றம். அட்டை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு நீதிமன்றமே சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. அடையாளத்தை நீக்குவது வரியை மறைப்பதல்ல, பெயர்க் கட்டத்தை மறைப்பது. ஊரும் வயதும் நோயும் அப்படியே இருந்தால் சின்ன கிராமத்தில் ஆளைக் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும் என்பது வேறு தலைவலி. அதற்குள் இப்போது போகவில்லை.

மாமாவுக்கு இப்போது எண்பத்தைந்து தாண்டிவிட்டது. தென்காசியில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். அட்டையைப் பற்றிக் கேட்டேன். "அதுவா? ரெண்டு வச்சிருந்தேன்டே. மலையாள மாசக் கணக்குப் புஸ்தகம் கொஞ்சம் அகலம், அதுக்கு ஒண்ணு" என்றார். முதல் அட்டையை யாரைப் பார்த்துச் செய்தீர்கள் மாமா என்றேன். முதலாளியின் மைத்துனர் ஒருமுறை நாள்வழியைப் புரட்டி, தெருக்காரர் ஒருவரின் கடனை டீக்கடையில் சொல்லிவிட்டாராம். அந்த ஆள் அப்புறம் கடைப்பக்கமே வரவில்லையாம். பாக்கியை மட்டும் மகனிடம் கொடுத்தனுப்பித் தீர்த்தாராம். மறுநாள்தான் மாமா பிளேடை எடுத்திருக்கிறார்.

நானும் 2004 கதையைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் சொன்னதில்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?" என்றார்.

"தெரியல மாமா."

"பேரு தெரியும்லா?"

"தெரியும்."

"யாருகிட்டயும் சொல்லிராதடே" என்றார்.